கூட்டுப்பெட்டியின் சூடு

கூட்டுப்பெட்டிக்குள் வைத்த வெப்பமானி முப்பத்தாறு புள்ளி ஒன்பது பாகை என்று கைபேசியில் காட்டியது. சுலோஜனா திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மாலை நாலரைதான். ஆனால் ஜெர்மனியின் எசன் நகரத்து டிசம்பர் வெளிச்சம் அதற்குள் அணைந்துபோயிருந்தது. வெளியே உறைநிலைக்குக் கீழே ஒன்பது. பெட்டியைச் சூடாக்கும் தட்டு இன்னும் மைக்ரோவேவுக்குப் பக்கத்தில், தொட்டால் சில்லென்று, அவள் கண்முன்னேதான் கிடந்தது.

தோட்டத்துக் கம்பிக்கூண்டில், அந்தப் பெட்டியில், மூன்று அணிற்பிள்ளைகள் வளர்ந்தன. வெட்டிச் சாய்த்த மரமொன்றின் கூட்டிலிருந்து செப்டெம்பரில் எடுக்கப்பட்டவை. அணில் மீட்பு நிலையத்து வீஸ்னர் அம்மா அவற்றை ஒப்படைக்கும்போது ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: எவ்வளவு குளிர்ந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, உள்ளே வைத்தால் குளிர்கால மயிர் உதிர்ந்துவிடும், பிறகு வெளியே விட்டாலும் பிழைக்காது. மார்ச் மாதம் கதவைத் திறந்துவிடும்வரை பெட்டிக்குள் துணியும் சூட்டுத்தட்டும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மூன்றில் சின்னது இருமிக்கொண்டிருந்தது. இன்றிரவு வெப்பநிலை இன்னும் நாலைந்து பாகை இறங்கும் என்றார்கள்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள் அவள். காலைதோறும் இருபது பேருக்குக் காய்ச்சல் பார்ப்பவளுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். அது காய்ச்சலில்லாத ஒரு மனிதரின் சூடு.

கருவி பழுதாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, தட்டைச் சூடாக்கித் துணியில் சுற்றி, கைவிளக்குடன் இறங்கினாள். பனி காலடியில் நொறுங்கியது. அயல்வீட்டு விறகடுப்பின் புகை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாசம், மூடிய அறையில் நெடுநேரம் ஒருவர் தூங்கியெழுந்த படுக்கையின் வெதுவெதுப்பான வாசம், திறந்த வெளியில், அந்தக் குளிரில், கூண்டை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. இரட்டைக் கம்பிவலையில் ஓட்டை எதுவும் இல்லை.

அணில்கள் பெட்டிக்குள் இல்லை. எதிர்மூலையில், வலையோடு ஒட்டி, வாலை முதுகில் போர்த்துக்கொண்டு, மூன்றும் ஒரே பந்தாக நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்றும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

பூட்டைத் திறந்து உள்ளே போய், சின்னதைக் கையுறையால் தூக்கிப் பெட்டியின் வாசலில் வைத்தாள். ஒருநாளும் கடிக்காத அது கையுறையைக் கடித்துவிட்டு மூலைக்கே பாய்ந்தது. அவள் கையுறையைக் கழற்றினாள். வாசல் துளைக்குள் விரல்களை விட்டாள். துணி சூடாக இருந்தது. சற்றே ஈரமாகவும். அது மெல்ல மேலெழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். சூட்டுத்தட்டு பனியில் விழுந்தது. அதை எடுக்காமல், கூண்டைப் பூட்டிவிட்டுச் சமையலறைக்கு ஓடி, கணவன் பாஸ்கரனுக்குப் போன் எடுத்தாள். அவன் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, பெட்டிக்குள்ள ஏதோ மூச்சு விடுது."

காரின் வயரைக் கடிக்கும் மார்டர், அந்த மரநாய்தான் குளிருக்கு ஒதுங்கியிருக்கும் என்றான் அவன். மார்டர் என்றால் மூன்றையும் எப்போதோ தின்றிருக்கும், பூட்டும் வலையும் அப்படியே இருக்கின்றன என்றாள் இவள். அவன் கார்ச்சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நீர் கையை உள்ளுக்க விடாதையும். நான் அரை மணித்தியாலத்தில வாறன்."

அவள் ஜன்னலோரம் நின்றாள். கண்ணாடியில் அவளுடைய மூச்சு படிந்தது, துடைத்தாள், மறுபடி படிந்தது. இருபது நிமிடத்தில் வெளியே வெப்பநிலை இன்னும் இரண்டு பாகை இறங்கியது. பெட்டிக்குள் மட்டும் அதே எண். வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாமா என்று யோசித்தாள். இன்றிரவு சாவதைவிட அது மேல். பழந்துணியும் கூடையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலிலிருந்தே கைவிளக்கைக் கூண்டின் மூலைக்குத் திருப்பினாள்.

மூலையில் எதுவும் இல்லை.

பனியில் விழுந்து எழுந்து போனாள். கூண்டைத் திறந்தாள். கிளையில் இல்லை. தரையில் இல்லை. பெட்டியின் வாசலில் ஒரு வாலின் நுனி. அதுவும் உள்ளே போயிற்று. மெதுவாக. இழுபட்டுப் போனதா, தானாகப் போனதா, தெரியவில்லை.

இருமல் கேட்கவில்லை.

பெட்டி ஒற்றைக் கம்பத்தில் ஆணியடித்து நின்றது. பின்னால் ஒன்றுமில்லை. கீழே ஒன்றுமில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுதான். மேல்மூடியின் கொளுக்கி உறைந்திருந்தது. நகத்தால் நெம்பினாள். நகம் கிழிந்தது. திறந்தது.

வெதுவெதுப்பு முகத்தில் மோதியது.

மூன்று அணில்களும் தூங்கிக்கொண்டிருந்தன. உயிரோடு. மயிர் உலர்ந்து, நடுக்கம் நின்று. சின்னதின் முதுகின்மேல் ஒரு கை இருந்தது. மனிதக் கை. மணிக்கட்டு துணிக்குள் இறங்கியிருந்தது. துணிக்குக் கீழே நாலு விரற்கடை ஆழம்கூட இல்லை. விரல்கள் தலையிலிருந்து வால்வரை வருடின. திரும்பி வந்தன. வருடின.

முன்வாசல் கதவு திறந்து மூடியது. சமையலறை விளக்குக்கு எதிரே பாஸ்கரனின் உருவம்.

"என்ன, பிள்ளையள் சூடா இருக்குதுகளே?"

"ஓம்," என்றாள். காலைத் தூக்க ஏலவில்லை.

வருடல் நின்றது. கை, தூங்கும் அணில்களை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்தியது. யாரையும் எழுப்பாமல். பிறகு துணியின் நுனியைப் பிடித்து, அவள் பக்கமாக விலக்கி, இன்னும் ஒருவருக்கு இடம் விட்டது.