மாரித்தாயின் தண்ணீர் முறை

ஐந்தாம் வகுப்புப் பானையில் ஒரு நாளாவது தண்ணீர் நிரப்ப வேண்டும். மாரித்தாய்க்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

போன வருசம்வரை கீழத்தெருப் பிள்ளைகள் அந்தப் பானையைத் தொடக் கூடாது. தாகம் எடுத்தால் கையைக் குவித்து நிற்க வேண்டும். வேறு யாராவது உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊற்ற ஆள் வராவிட்டால் எச்சிலை விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வருசம் திருத்தங்கல்லிலிருந்து தேவமணி டீச்சர் வந்தார். வந்ததும், "இது என்ன வழக்கம்?" என்று கேட்டார். எல்லார் பெயரையும் அகர வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இனி தினமும் ஒருவர் முறை.

மாரித்தாயின் பெயர் இருபத்தேழாவதாக இருந்தது. இந்த வருசம் வகுப்பில் கீழத்தெருப் பிள்ளை அவள் ஒருத்திதான். தினமும் விரலை வைத்து எண்ணிப் பார்ப்பாள். சனி, ஞாயிறு வந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

கடைசியில் அவள் முறையும் வந்தது. விடிந்ததும் ஓடி வந்து பானையைத் தேய்த்துக் கழுவினாள். பள்ளிக் கிணற்றில் இறைத்து நிரப்பினாள். டீச்சர்தான் முதலில் ஒரு டம்ளர் குடித்தார்.

"நல்லா இருக்கு மாரி!"

அதற்குப் பிறகு யாருமே பானைப் பக்கம் வரவில்லை.

"எனக்குத் தாகமே இல்ல டீச்சர்" என்றான் சீனிச்சாமி. உப்பு மாங்காய் தின்ற அவன் நாக்கு, வெளியே தொங்காத குறைதான்.

மதியம் மாரித்தாய் பானையை எட்டிப் பார்த்தாள். ஒரு டம்ளர்தான் குறைந்திருந்தது. இருபத்தாறு பேர் முறை முடியக் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மாலையில் அறிவியல் பாடம். எரிகிற மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் என்ன ஆகும்? அதற்காகச் சங்கரபாண்டியன் வீட்டிலிருந்து தீப்பெட்டி கொண்டுவந்திருந்தான். டீச்சர் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு, பெட்டியை முன்வரிசையில் இருந்த மாரித்தாயிடம் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்ததும் அவள் கண்கள் விரிந்தன.

"டீச்சர், இது என் பெட்டி!"

சங்கரபாண்டியன் துள்ளி எழுந்தான். "பொய் சொல்லாத! எங்க வீட்டுப் பெட்டி!"

"உங்க வீட்டுப் பெட்டிதான். ஆனா ஒட்டுனது நான். இங்கன பாரு, நீலத்தாள் முனை இடப்பக்கமா மடிஞ்சிருக்கு. எனக்கு இடது கைப் பழக்கம். இதுக்காகத் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளைகிட்ட எம்புட்டுத் திட்டு வாங்கிருக்கேன்!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பள்ளி விட்டால் அந்த ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள்தான். அதனால் பார்த்ததும் புரிந்தது. அவர்கள் மடிப்பதெல்லாம் வலப்பக்கம்.

சங்கரபாண்டியன் தலையைச் சொறிந்தான். "எங்கம்மா இதுலதான் சாமி விளக்கு ஏத்துவாக."

"சாமி கோவிச்சுக்கிச்சா?" மாரித்தாய் கேலி செய்யவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவன் நன்றாக யோசித்தான்.

"இல்லையே. நேத்துகூடப் பொங்கல் படைச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு."

வகுப்பு முழுவதும் சிரித்தது. சீனிச்சாமியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. தொண்டை அவ்வளவு வறண்டிருந்தது.

"டீச்சர், எனக்குத் தாகம்!"

ஒரே ஓட்டமாகப் போய் மூன்று டம்ளர் குடித்தான். அவன் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். பிறகு நாலு பேர், பிறகு ஒரு நீண்ட வரிசை. காலையிலிருந்து தாகத்தை அடக்கி வைத்திருந்தவர்கள் ஆயிற்றே! மேசைமேல் மெழுகுவர்த்தி கேட்பாரில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

வரிசையில் கடைசி ஆள் சங்கரபாண்டியன். அவன் டம்ளரை உள்ளே விட்டபோது 'டங்' என்று அடியில் இடித்தது. பானை காலி!

மாரித்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள்.

"மாரித்தாயி, சீக்கிரம் வா! நான் இன்னும் குடிக்கல!" என்று சங்கரபாண்டியன் வாசலில் நின்று கத்தினான்.