மூன்றாவது மல்லி

“ஆரோ இவருக்கு எதையோ குடிக்கக் குடுத்திட்டினம், டொக்டர். ஆர் எண்டு நீங்கள்தான் கண்டுபிடிக்கோணும்.”

கௌரி கதிரையில் உட்காரவில்லை. கையில் தடயமாகக் கணவர் கிருஷ்ணராஜின் பட்டுச் சட்டை இருந்தது. அவர்களுடைய மாடிவீடும் டொக்டரின் வீடு இருந்த அதே வெள்ளவத்தையில், மூன்று ஒழுங்கை தள்ளித்தான். ஆனாலும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

டொக்டர் பஹ்மிதா நரம்பியல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமற்போன சாவி முதல் கல்யாணப் பொய் வரை அயலவர்கள் அவரிடம்தான் கொண்டு வந்தார்கள். அவருடைய முச்சக்கர வண்டிச் சாரதி ஹியூபேட்டுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. இப்போதும் துப்பு எழுதும் கொப்பியோடு வந்து நின்றார்.

“சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில கலியாணம். ஞாயிறு காய்ச்சல். நேற்றையில இருந்து ஆளே மாறிட்டார். ரப்பர் எரியிற மணம் எண்டு வீடு முழுக்கத் தேடுறார், எனக்கு ஒரு மணமும் இல்ல. கோபமே வராத மனிசன், ‘நீ ஆர்’ எண்டு என்னைக் கேட்டவர். கீழ்வீட்டு ரஜனி குடிவெறி எண்டு நினைக்கிறா.”

“கலியாண வீட்டுச் சர்பத்!” ஹியூபேட் எழுதினார். “மாப்பிள்ளையின்ட மாமன் மேலதான் மிஸ் எனக்குச் சந்தேகம்.”

“மாமன உங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல மிஸ்.”

“அப்ப அவர விடுங்க.”

பஹ்மிதா சட்டைப்பையில் கைவிட்டார். பனடோல் காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று வந்தது. பாதிக்கு மேல் வெறுமை.

“இந்தச் சட்டைய எப்ப உடுத்தார்?”

“கலியாணத்துக்கு மட்டும்தான்.”

“சரி. அவர் என்ன கேக்கிறார்?”

“மல்லிதான். விடிஞ்சதில இருந்து ‘மல்லி தா, மல்லி தா’. காய்ச்சலுக்கு மல்லித் தண்ணிதானே? மூண்டு தரம் அவிச்சுக் குடுத்தன், தட்டி விட்டிட்டார். ரஜனி வாசலில நிண்டு கேட்டிட்டு, சிங்களத்தில மல்லி தம்பிதானே, தம்பியைக் கூப்பிடுறார் எண்டு, அவர் இருக்கிற தெமட்டகொடைக்கு ஃபோன் பண்ணிட்டா. அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாக் கதைக்கிறதில்ல. மாமியின்ர செத்தவீட்டில வந்த கோவம்.”

“கேக்கும்போது கை எதக் காட்டினது?”

கௌரி யோசித்தாள். “மேசையை. அதில அவற்ற மூக்குக்கண்ணாடி மட்டும்தான் கிடந்தது.”

பஹ்மிதா எழுந்துவிட்டார். “ஹியூபேட், வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. விளக்கம் போற வழியில.”

வண்டிக்குள் அவர் கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காய்ச்சல் கலியாணத்துக்கு முன்னமே வந்திருக்கு. உங்களுக்குச் சொல்லாம மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கார். அப்ப சர்பத் குற்றவாளி இல்ல. இல்லாத மணம், மாறின குணம், தொலைஞ்ச சொல். காய்ச்சலோட இது வந்தா மூளையிலதான் தேடணும். வைரஸா இருக்கலாம் எண்டுதான் என்ட சந்தேகம்.”

“சொல் எங்க தொலைஞ்சது? மல்லி எண்டு வடிவாச் சொல்றாரே!”

“நீங்க மல்லிய அவிச்சீங்க. ரஜனி மல்லிக்கு ஃபோன் பண்ணினா. எல்லா பாஷையும் கலந்து கதைக்கிற ஊர் கௌரி, எந்தப் பிழைச் சொல்லுக்கும் நாங்க ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சிருவோம். அவர் கேட்டது கண்ணாடி.”

கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். “தப்புவாரோ?”

“மருந்து இருக்கு. ஆனா ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.”

வீட்டில் தம்பி வரதராசா முந்திவிட்டார். தரையில் அண்ணனின் தலையை மடியில் தாங்கி இருந்தார்.

“வலிப்பு வந்து இப்பதான் நிண்டது. ஒருச்சரிச்சுப் படுக்க வச்சனான். வாயில ஒண்டும் வைக்கேல்ல.”

“நல்ல வேலை செய்தீங்க. தூக்குங்க.”

வரதராசாவும் ஹியூபேட்டும் இரண்டு மாடி தூக்கி இறக்கினார்கள். பஹ்மிதா அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். “ஸ்கேன் எடுங்க, முதுகில நீரும் எடுங்க. ரிப்போர்ட் வரும்வரைக்கும் மருந்தப் பிந்த விடாதீங்க.”

வைரஸ் என்று இரண்டாம் நாள் ரிப்போர்ட் சொன்னது. நாளம் வழியாக மருந்து இருபத்தொரு நாள் ஏறியது. கடைசி நாள் ஹியூபேட் கொப்பியில் மாமனின் பெயரை வெட்டினார். பெயர் தெரியாததால் ‘மாமன்’ என்றே எழுதி வைத்திருந்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்த கிருஷ்ணராஜ் மேசைப் பக்கம் கை நீட்டினார். அச்சகத்தில் பிறர் பிழைகளைத் திருத்தி வந்தவர், தன் சொல்லை நெடுநேரம் தேடினார்.

“மல்லி,” என்றார். சொன்னதும் பிழை தெரிந்து சிரித்தார்.

வரதராசா கண்ணாடியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, அண்ணனின் காதுகளில் மெல்லக் கொழுவினார்.

“இந்தா, ரெண்டு மல்லியும் வந்திட்டுது அண்ணை.”