பட்டியலில் இல்லாத மரம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நகராட்சித் தண்ணீர் லாரி தெருவுக்குள் வந்தது. பேக்கரி எதிரில் இருந்த மரத்துக்குத் தண்ணீர் விட்டது. அப்புறம் தையல் கடையைத் தாண்டிப் போய், சலூன் எதிரில் இருந்த மரத்துக்கும் விட்டது.

நடுவில், தையல் கடை எதிரில் நின்ற மரத்துக்கு மட்டும் ஒரு சொட்டுகூட விடவில்லை.

அந்த மரத்தடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த சிறுமி வாயில் நுரையோடு லாரியின் பின்னால் ஓடினாள். தையல்காரியின் மகள் அவள். நூல் போல் ஒல்லியாக இருப்பதால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை 'நூல்கண்டு' என்றே கூப்பிடுவார்கள்.

"லாரி மாமா, இன்னிக்கும் எங்க மரத்தை மறந்துட்டீங்க."

லாரி ஓட்டுநர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "மறக்கலைம்மா. உங்க மரம் லிஸ்ட்ல இல்ல."

"இதோ நிக்குதே."

"ரோட்டுல நிக்குது. லிஸ்ட்ல நிக்கலையே." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். "நான் எத்தனை லிட்டர் விடறேன்னு லாரில மீட்டர் வெச்சிருக்காங்க. லிஸ்ட்ல இல்லாத எடத்துல விட்டேன்னா எனக்கு மெமோ வந்துடும்."

விஷயம் இதுதான். இந்த வருடம் நகராட்சியிடம் பணம் குறைவு. மூன்று லாரிகள் ஓடிய ஊரில் இப்போது ஒரு லாரிதான் ஓடுகிறது. அதனால் நூற்று நாற்பது மரங்களுக்கு மட்டும்தான் தண்ணீர் என்று முடிவு செய்து, எண் போட்டுப் பட்டியல் தயாரித்தார்கள். அதற்காக இரண்டு பேர் நோட்டோடு தெருவுக்கு வந்த அன்று, தையல் கடை இருந்த கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து தொங்கவிட்ட பச்சை வலை மரத்தையும் சேர்த்து மூடியிருந்தது. வந்தவர்கள் வலையைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்க்கவில்லை.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. வெயிலோ கொளுத்துகிறது. மரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. முந்தின நாள் ஒருவர் வந்து, தண்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்.

"காஞ்சு போச்சு. சனிக்கெழம வெட்ட வருவாங்க. கிளை முறிஞ்சு யார் தலைலயாவது விழுந்தா நகராட்சியத்தானே கேப்பாங்க?" என்று அவர் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மா கத்தரிக்கோலின் முனையால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சையாக இருந்தது.

"உயிர் இருக்குடி. தண்ணிதான் இல்ல" என்றாள்.

வீட்டுத் தண்ணீரை ஊற்றலாம் என்றால் அதுவும் முடியாது. நான்கு குடும்பங்களுக்கு ஒரே தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். நூல்கண்டு ஒருமுறை ஒரு வாளி எடுத்து மரத்துக்கு ஊற்றியபோது, மாடி வீட்டு அக்கா மேலிருந்தே பார்த்துவிட்டாள்.

"எங்க பங்கையும் சேத்து ஊத்தறியா? என் பிள்ளைய நான் எதுல குளிப்பாட்டறது?"

அவள் கேட்டதும் நியாயம்தான். அதன் பிறகு அம்மாவும் மகளும் முகம் கழுவிய தண்ணீரை மட்டும் பிடித்து ஊற்றினார்கள். எட்டு வயது மரத்துக்கு அது எந்த மூலைக்கு?

புதன்கிழமை பள்ளி விட்டதும் நூல்கண்டு அம்மாவை இழுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

மரப் பிரிவு இரண்டாம் மாடியில் கடைசி அறையில் இருந்தது. அறையில் மூன்று மேசைகள். இரண்டில் ஆள் இல்லை. மூன்றாவது மேசையில், கோப்புகளுக்கு நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது. கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அதைப் போட்டிருந்த மேடமும் தெரிந்தார்.

"என்ன வேணும்?"

"எங்க மரத்தை லிஸ்ட்ல சேக்கணும் மேடம்" என்றாள் நூல்கண்டு.

"இந்த வருஷம் புதுசா எதுவும் சேக்க முடியாதும்மா."

"புதுசு இல்ல மேடம். பழைய மரம். உயிரோட இருக்கு."

"இருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லலையே." மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு லாரி. ஒரு ட்ரைவர். நூத்தி நாப்பது மரம். அதுக்கு மேல ஒரு லிட்டர்கூட தர மாட்டோம்னு தண்ணிப் பிரிவுல எழுதிக் குடுத்துட்டாங்க. இங்க மூணு பேர் பாத்த வேலைய நான் ஒருத்தி பாக்கறேன். நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

அம்மா மகளின் தோளைத் தொட்டு, "வா, போலாம்" என்றாள்.

மேடத்துக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணைச் சேக்கணும்னா ஒண்ணை எடுக்கணும். இந்த நூத்தி நாப்பதுல எந்த மரத்துக்குத் தண்ணிய நிறுத்தலாம்? நீயே பாத்துச் சொல்லு. செய்யறேன்."

அன்று மாலையே நூல்கண்டு பட்டியலும் பென்சிலுமாகக் கிளம்பினாள். எத்தனையோ மரம் இருக்கிறது, தண்ணீர் வேண்டாத மரம் ஒன்றாவது இருக்காதா?

எழுபத்தொன்றாம் மரம் நன்றாகத் தழைத்திருந்தது. ஆனால் அதன் நிழலில்தான் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர் கடை போட்டிருந்தார்.

"இது இல்லேன்னா நான் வெயில்ல வறுபட வேண்டியதுதான்" என்றார் அவர்.

எண்பத்து நான்கில் ஒரு காக்கைக் கூடு. தொண்ணூறு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. உள்ளே படுத்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அதனடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நூல்கண்டு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

நூற்று மூன்று வெறும் கன்று, அவள் இடுப்பு உயரம்தான். யாரும் அதன் கீழ் உட்காரவில்லை. அதை அடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். அருகில் போய்ப் பார்த்தால், உச்சியில் இரண்டு இலை அன்றைக்குத்தான் விரிந்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"போடா, உன்னையும் விட்டுட்டேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஒரு கோடுகூடப் போடவில்லை. ராத்திரி சாப்பாடும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை பெரிய சாலைக்குப் போனாள். நூற்றுப் பதினொன்று இருந்தது. நூற்றுப் பதின்மூன்று இருந்தது. நடுவில் மருந்துக் கடை எதிரில் மரத்துக்குப் பதில் ஒரு பள்ளம்தான் இருந்தது. பள்ளத்தில் கொஞ்சம் ஈரம். ஈரத்தில் ஒரு பழுப்பு நாய் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

அவள் தாளைப் பார்த்தாள். 'எண் நூற்றுப் பன்னிரண்டு. மருந்துக் கடை எதிரில்.'

"அண்ணா, இங்க இருந்த மரம் எங்க?" என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டாள்.

"அது புயல்ல விழுந்துடுச்சே. ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப தண்ணி?"

"செவ்வாய், வெள்ளி தவறாம ஊத்தறாங்க" என்று சிரித்தார் அவர். "நாய்க்குத்தான் கொண்டாட்டம். லாரி வர்ற நேரம் பாத்து வந்து நிக்கும். சோப்பு மட்டும்தான் கேக்கல."

நூல்கண்டுக்குத் தலை கால் புரியவில்லை. அலுவலகத்தை நோக்கி ஓடினாள். பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டாள்.

இல்லாத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? லாரி மாமா. இதைப் போய்ச் சொன்னால் அவரைத்தானே திட்டுவார்கள்? வேலையே போய்விட்டால்?

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வரும்போது தெருமுனையிலேயே காத்திருந்தாள்.

"மாமா, நூத்திப் பன்னெண்டு பத்தி எனக்குத் தெரியும். உங்களக் கேக்காம யார்கிட்டயும் சொல்லல."

லாரி மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.

"அந்தப் பள்ளத்துல ஊத்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்மா. மரம் இல்லேன்னு மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன். 'பட்டியலில் உள்ளபடி செய்யவும்'னு பதில் வந்துச்சு. நான் என்ன செய்ய?"

"நான் போய் மேடம்கிட்டச் சொல்லட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"என்னைப் பத்தி நெனச்சா நேத்தே சொல்லாம வந்தே?" என்றார். "ஸ்கூல் விட்டதும் அங்கயே வந்துடு. நானும் வரேன்."

மாலையில் இரண்டு பேரும் மேடத்தின் மேசை முன்னால் நின்றார்கள்.

"எடுக்க வேண்டிய மரம் கெடச்சுடுச்சு மேடம்" என்றாள் நூல்கண்டு.

"எது?"

"நூத்திப் பன்னெண்டு."

"ஏன், அது காஞ்சு போச்சா?"

"காயல. அது இல்லவே இல்ல."

மேடம் லாரி மாமாவைப் பார்த்தார். லாரி மாமா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"மாமா மூணு தடவ எழுதிக் குடுத்திருக்காரு மேடம். தப்பு அவர் மேல இல்ல" என்றாள் நூல்கண்டு அவசரமாக.

மேடம் எழுந்து, போன மாதம் மாற்றலாகிப் போனவரின் மேசையில் இருந்த கோப்புகளைப் புரட்டினார். ஒரு கடிதம் கிடைத்தது. இன்னொன்று. மூன்றாவதும். மூன்றையும் நின்றபடியே படித்தார்.

"லிஸ்ட் எடுத்தவங்க அவசரத்துல பெரிய ரோட்டை நடந்து பாக்காம, பழைய நோட்டப் பாத்து எழுதிட்டாங்க" என்று மெல்லச் சொன்னார். "நானும் சரி பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க, ட்ரைவர்."

லாரி மாமா அதை எதிர்பார்க்கவில்லை. "பரவால்லங்க மேடம், பரவால்ல" என்று இரண்டு தடவை சொன்னார்.

"அப்ப எங்க மரத்தைச் சேத்துடுவீங்களா?" என்றாள் நூல்கண்டு.

"சேக்கறதுக்கும் நீக்கறதுக்கும் அதிகாரி கையெழுத்து வேணும். அவர் திங்கக்கெழமதான் வருவாரு."

"நாளைக்கே வெட்ட வராங்களே."

மேடம் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே பட்டியலைப் பார்த்தார். திடீரென்று அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"சேக்கத்தானே கூடாது? நீக்கத்தானே கூடாது? முகவரியில தப்பு இருந்தா நானே திருத்தலாம்." 'மருந்துக் கடை எதிரில்' என்பதை அடித்தார். 'தையல் கடை எதிரில்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். "இந்த ஆபீஸ்ல எத்தனையோ பேருக்கு ட்ரான்ஸ்ஃபர் போட்டிருக்கேன். மரத்துக்குப் போடறது இதான் முதல் தடவ."

லாரி மாமா வாய்விட்டுச் சிரித்தார். மேடம் திருத்திய தாளையும், நூற்றுப் பன்னிரண்டுக்கென்று அடித்து வைத்திருந்த தகர எண்ணையும் நூல்கண்டு கையில் கொடுத்தார்.

போகும் வழியில் நூல்கண்டு மருந்துக் கடையில் நின்றாள். "அண்ணா, இனிமே இங்க தண்ணி வராது. பாவம், அந்த நாய்."

"அதுக்கு நான் ஒரு தொட்டி வெக்கிறேன். குளிக்க எடம் பத்தாது, குடிக்கவாவது ஆகும்" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, ரம்பமும் கயிறுமாக மூன்று பேர் வந்தார்கள். தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து மகளின் பக்கத்தில் நின்றாள்.

மூவரில் பெரியவர் மரத்தைச் சுற்றி வந்தார். கிளையில் துணிப் பட்டையால் கட்டித் தொங்கவிட்டிருந்த தகர எண்ணைப் பார்த்தார்.

"நூத்திப் பன்னெண்டா? செவப்பு வளையமும் இருக்கு, நம்பரும் இருக்கு. எது சரி?"

நூல்கண்டு திருத்திய தாளை நீட்டினாள். அவர் முத்திரையைப் பார்த்தார். அப்புறம் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார்.

"பச்சையாத்தான் இருக்கு" என்று மற்றவர்களிடம் சொன்னார். "ரம்பத்தை உள்ள வைங்கப்பா. இது தண்ணி மரம்."

செவ்வாய்க்கிழமை காலை லாரி தையல் கடை எதிரில் நின்றது. லாரி மாமா குழாயை மரத்தடியில் வைத்துத் திறந்தார். காய்ந்த மண் முதலில் தண்ணீரை வாங்கவே இல்லை. மேலேயே தேங்கி நின்றது. பிறகு அங்கங்கே குமிழி விட்டு, 'க்ளுக் க்ளுக்' என்று இழுக்க ஆரம்பித்தது. மாடி வீட்டு அக்காகூட இடுப்பில் பிள்ளையோடு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தாள்.

நூல்கண்டு பள்ளிச் சீருடையோடு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். கடைசிச் சொட்டு உள்ளே போகிற வரை எழுந்திருக்கவில்லை. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடம் பாதி முடிந்திருந்தது.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்று டீச்சர் கேட்டார்.

"தண்ணி வந்துச்சு டீச்சர்."

"வீட்டுக்கா?"

"மரத்துக்கு."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். முழங்கால் வரை அப்பியிருந்த சேற்றையும் பார்த்தார்.

"சரி, போய் உக்காரு" என்றார்.

நூல்கண்டு சேற்றுக் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, புத்தகத்தை விரித்து வைத்து, பாடம் முடிகிற வரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.