துணையிருக்கை

காலையில் ஷோரூமைத் திறந்ததும் நான் முதலில் செய்வது வல்லூறைத் துடைப்பதுதான். ஒரகடத்தில் நம் ஆட்களே வடிவமைத்துச் செய்த செடான். கண்மூடித் திறப்பதற்குள் நூறைத் தொட்டுவிடும். என்ன பயன்? வெளியே சாலைமூளை நடத்தும், ஓட்டுநர் இல்லாத தானோடிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வரிசையாகப் போகின்றன. உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு திரையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். ஸ்டியரிங் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் ஸ்டியரிங் வைத்த காரை விற்க என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த வாரமும் ஒரு முன்பதிவுகூட வராவிட்டால் வல்லூறின் உற்பத்தியை நிறுத்திவிடுவார்களாம். எனக்கோ அந்த வண்டிமேல் அப்படியொரு பிரியம்.

தப்பு விளம்பரத்தில்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் தன்னந்தனியாகப் பறப்பதுபோல எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்து வந்தவர்களும் தனியாகவே வந்தார்கள். ஆனால் கையால் ஓட்டும் வண்டிக்குச் சட்டம் ஒன்று உண்டு. பக்கத்து இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து, 'இவர் ஓட்டுவதற்கு நானும் பொறுப்பு' என்று விரல்ரேகை வைத்தால்தான் மோட்டார் உயிர் பெறும். நமக்காக யார் வருவார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பாவம், தானோடியில் ஏறிப் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கதிரேசன் வந்தார். வரி ஆலோசகர், சாலையில் இறங்காமல் பாவனைப்பொறியிலேயே ஓட்டிப் பழகி உரிமம் வாங்கியவர். கூடவே மனைவி சொர்ணம். அவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இவர் சைக்கிளையே நேரா ஓட்டினதில்ல. இதுக்கு நான் கைரேகை வைக்கணுமா?"

"ஒரே ஒரு ரவுண்டு உக்காந்து பாருங்க மேடம்."

முணுமுணுத்துக்கொண்டே விரலை வைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வாலாஜாபாத் பக்கம் ஒதுக்கியிருக்கும் கையோட்டத் தடத்தில் வல்லூறு இறங்கியது.

"மெதுவா. அங்க மாடு நிக்குது."

"அது எங்கயோ இருக்கு சொர்ணம்."

"எங்க இருந்தா என்ன? ஹாரன் அடிங்க."

அடித்தார். மாடு சட்டை செய்யவில்லை. சொர்ணத்தின் கால் தன் பக்கம் இல்லாத பிரேக்கை அழுத்தி மிதித்தது. கதிரேசன் சிரித்தபடி திரும்பினார்.

"என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

பறக்கப் பிறந்த வண்டி முப்பதைத் தாண்டவேயில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். தடத்தின் முடிவில் கதிரேசன் வண்டியை நிறுத்தினார். சொர்ணத்தின் கை அவர் சட்டையை இறுகப் பிடித்திருந்தது.

"தானோடியில போறப்ப இவர் பக்கத்துல இருக்காரான்னுகூட நான் பாத்ததில்லம்மா," என்றார் சொர்ணம் என்னிடம். "இன்னிக்கு இந்த மனுஷனுக்கு எதாவது ஆயிடுமோன்னு எப்படிப் பதறிச்சு தெரியுமா?"

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றார் கதிரேசன். "நீ பக்கத்துல இருக்கேன்னுதான் உருட்டிக்கிட்டே வந்தேன்." பிறகு தயங்கிக் கேட்டார், "அப்ப வேணாமா?"

"யார் வேணாம்னு சொன்னா? பதிவு பண்ணுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியின் வேகம் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் சொல்ல வேண்டி வரவில்லை.

வண்டியை எடுத்துப்போக அவர்கள் வந்த நாளில் வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

"பாத்துப் போங்க சார்," என்றேன்.

அப்படி யாரிடமும் சொல்லி எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. தானோடியில் போகிறவர்களுக்கு அது தேவைப்பட்டதில்லை.