ஆபிதீனுக்கு எந்த வழி

மூன்றாவது ஆளும் அதையே சொன்னான்.

"நேரே போங்க. மூடிக் கிடக்கிற ரொட்டிக்கடையைத் தாண்டினா இடது பக்கம் ஒரு நீலக் கதவு வரும். அங்க திரும்புங்க, ஆபிதீன்தான்."

சொல்லிவிட்டு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். கார் துடைக்கிற ஆள், கையில் ஈரத்துணி. அவனுக்கு முன்னால் பெட்டிக்கடையை இழுத்து மூடிக்கொண்டிருந்தவர், அவருக்கும் முன்னால் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண்மணி. மூவரும் ஒரே பதில்.

இஷ்ராகாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். கெய்ரோவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எவனும் தெரியாது என்று சொல்லமாட்டான். வழி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் மரியாதைக் குறைவாம். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கையை நீட்டி ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிவிடுவான், நாம் போய் முட்டுச்சந்தில் நிற்க வேண்டும். அதற்காகவே அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மூன்று பேரைக் கேட்பது, இரண்டு பேர் காட்டுகிற பக்கம் போவது. மூவரும் ஒன்றாகச் சொன்னது இதுவரை கிடையாது. அதுவும் ஒரு சொல்கூடப் பிசகாமல்.

வழி கேட்கிற அவசியமே அவளுக்கு வந்திருக்கக் கூடாது. சூடானில், ஓம்துர்மானில் மருந்துக்கடை வைத்து நடத்தியவள், இங்கே தர்ப் அல்-அஹ்மரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குப் பெயர் எழுதிச் சீட்டுக் கொடுக்கிறாள். வீடு ஆபிதீன் பேட்டையில். வேலை முடிந்ததும் எந்த வண்டியிலும் ஏறமாட்டாள். வண்டியில் ஏறினால் பக்கத்தில் உட்கார்கிறவர் அவள் நிறத்தைப் பார்ப்பார், சூடான் பெண்கள் சேலைபோல் சுற்றுகிற தோப்பைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார், பிறகு ஆரம்பித்துவிடுவார். அதனால் நடை. இரண்டு வருஷமாக நடந்து நடந்து சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. இந்த ஊரில் பிறந்தவனுக்கே தெரியாத படிக்கட்டும் குறுக்குவழியும் அவளுக்குத் தெரியும். இந்த ஊர் அவளுக்கு என்று கொடுத்தது அது ஒன்றுதான். இன்றைக்குக் காலையில் பார்த்து வழக்கமான சந்தில் ஒரு பழைய வீடு சரிந்து, கயிறு கட்டி வழியை மறித்துவிட்டார்கள். சுற்றிப் போகலாம் என்று நுழைந்தவள்தான்.

மணி ஐந்தே முக்கால். நோன்பு திறக்க இன்னும் இருபது நிமிடம்.

வீட்டில் மகள் தசாபீஹ் தனியாக இருக்கிறாள். எட்டு வயசு, முதல் முழு நோன்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் வாயில் படவில்லை. "பாங்கு சொல்றதுக்குள்ள நான் வந்துடுவேன், நீ மட்டும் கீழ இறங்கக் கூடாது" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டு வந்திருந்தாள். சத்தியமெல்லாம் அவளிடம் எடுபடாது. போன மாதம் அரைமணி நேரம் தாமதமானதற்கே கீழே இறங்கி, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் எங்க உம்மாவைப் பாத்தீங்களா என்று விசாரித்துக்கொண்டே இரண்டு தெரு வந்துவிட்டவள். அன்றைக்கு இஷ்ராகா அடித்த அடியை நினைத்தால் அவளுக்கே இப்போதும் கை கூசுகிறது. இன்றைக்கு அந்தப் பெண் படி இறங்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

போன் அடித்தது.

"உம்மா, எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் வந்துட்டேன். நீ எங்க?"

"மாடியில. இங்கேருந்து பாத்தா ரோடு தெரியுது. உங்களைத்தான் காணோம்."

"பத்து நிமிஷம். கீழ இறங்கின, காலை ஒடிச்சிடுவேன்."

கார் துடைக்கிறவன் இதைக் கேட்டுக்கொண்டே நின்றான். "சூடானாம்மா? எகிப்தே உங்களால வெளிச்சமாச்சு. எப்போ ஊருக்குத் திரும்புறீங்க?"

எல்லோரும் இப்படித்தான். முதல் வரியில் தலையில் கிரீடம் வைப்பான், அடுத்த வரியில் வாசலைக் காட்டுவான்.

"உங்க வீட்டுல பல்பு எரிய ஆரம்பிச்சதும் கிளம்பிடுறோம்" என்றாள் இஷ்ராகா. அவன் சிரிப்புக் குறையவில்லை. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நேரே போகச் சொன்னானல்லவா, போகமாட்டேன் என்று வந்த வழியே திரும்பி, வலது பக்கச் சந்தில் விறுவிறுவென்று இறங்கினாள்.

சந்து முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கலர்க் காகிதத் தோரணம், அதன் நடுநடுவே இன்னும் ஏற்றாத விளக்குக் கூண்டுகள். ஜன்னல்களுக்குள்ளிருந்து பூண்டும் கொத்துமல்லியும் நெய்யில் பொரிகிற வாசம், வெங்காயம் கருகுகிற வாசம், யாரோ தட்டு அடுக்குகிற சத்தம், யாரையோ அதட்டுகிற சத்தம், டிவியில் யாரோ அழுகிற சத்தம், கடைசி நேரத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் செருப்புச் சத்தம். அதையெல்லாம் கேட்டதும் ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது. வாரத்தில் நாலு நாள் இந்த நேரத்தில் நடந்தே பழகியவள். இன்னும் பத்து நிமிடத்தில் இந்த ஊர் மொத்தமும் வீட்டுக்குள் போய்விடும், தெருவில் ஒரு ஈ காக்காய் இருக்காது, அந்தக் கால்மணி நேரம் கெய்ரோ தனக்கே சொந்தம் என்பதில் அவளுக்கு ஒரு திமிர்கூட உண்டு.

சந்து வளைந்தது. வளைவில் மூடிக் கிடந்த ரொட்டிக்கடை.

அவள் நின்றாள். ஷட்டரில் துரு, பூட்டின் மேல் சிலந்திவலை. தாண்டினால் இடது பக்கம் நீலக் கதவு.

சரி, ஊர் முழுக்க ஆயிரம் ரொட்டிக்கடை, பத்தாயிரம் நீலக் கதவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாள். இந்தத் தடவை சூரியனை வைத்து நடந்தாள். ஆபிதீன் மேற்கே. கூரைகளுக்கு மேல் சிவப்பு எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம், அவ்வளவுதான், எவனையும் கேட்க வேண்டாம். இரண்டு திருப்பம், ஒரு வளைவு வாசல், பத்துப் படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் அதே ரொட்டிக்கடை. அதே சிலந்திவலை.

அப்போதுதான் சத்தங்கள் நின்றுபோயிருந்ததைக் கவனித்தாள்.

தட்டுச் சத்தம் இல்லை. டிவி இல்லை. பூண்டு வாசமும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு வாசம், ரொம்ப நாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அது. மேலே ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு பெண்ணின் கை மட்டும் வெளியே வந்தது, வளையல் போட்ட கை.

"நேரே போங்க" என்றது குரல்.

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே."

"ரொட்டிக்கடையைத் தாண்டினா இடது பக்கம்."

"ஏய், யாரு நீ? முகத்தைக் காட்டிப் பேசு."

ஜன்னல் மூடிக்கொண்டது. இஷ்ராகாவுக்கு நாக்கு வறண்டு மேலே ஒட்டியது. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத வறட்சி மட்டுமில்லை அது என்று அவளுக்குத் தெரிந்தது. போனைப் பார்த்தாள். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்.

பாங்கு ஆறு ஐந்துக்கு.

ஆயிரம் பள்ளிவாசல் உள்ள ஊர். ஒரு பள்ளியில் ஆரம்பித்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வானம் முழுக்கச் சேர்ந்து ஒலிக்கும், காதைப் பொத்தினாலும் கேட்கும். ஏழு நிமிடம் கடந்துவிட்டது. எங்கேயும் பாங்கு கேட்கவில்லை. கூரைக்கு மேல் அந்தச் சிவப்பு அப்படியே நின்றது, கூடவுமில்லை, குறையவுமில்லை.

தசாபீஹுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

எடுத்துத் தொலையேண்டி.

வேறு வழியே இல்லை. நீலக் கதவைத் தாண்டி இடது பக்கம் திரும்பினாள்.

சந்து நேராக, நீளமாகக் கிடந்தது. நடுவில் மேசை. மேசையோடு மேசையாகச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. இரண்டு பக்கமும் ஆட்கள். நோன்பு மாதத்தில் தெருவுக்குத் தெரு இப்படிப் பந்தி போடுவார்கள், வழிப்போக்கர் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், பேர் கேட்கமாட்டார்கள், ஊர் கேட்கமாட்டார்கள். வந்த புதிதில் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தபோது அவளும் மகளும் அப்படிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பரிமாறியவர்களை அவள் ஒருநாளும் திட்டியதில்லை.

ஆனால் பந்தி என்றால் இரைச்சல் இருக்கும். இங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அருகில் போனாள். வேலைக்காரச் சீருடை போட்ட ஃபிலிப்பினோப் பெண். துணி மூட்டையை மடியில் வைத்த சீனாக்காரர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு நைஜீரிய மாணவன். எத்தியோப்பியப் பெண்கள் இருவர், சிரியாக்காரர் போல ஒருவர், வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர் ஒருவர். ஒருவர்கூட இந்த ஊர்க்காரர் இல்லை. எல்லோருடைய கைகளும் தட்டின் இரண்டு பக்கமும். எல்லோருடைய உதடும் வெடித்து, வெடித்த இடத்தில் ரத்தம் கறுத்து. முன்னால் சோறு, அவரை, பேரீச்சம்பழம், கிளாஸில் புளிப் பானம். பானத்தின் மேல் விரல்கனத்துக்குத் தூசி.

தோளில் துண்டு போட்ட ஒருவர் எங்கிருந்தோ வந்தார். இந்த ஊர்க்காரர். நல்ல முகம்.

"வாங்கம்மா வாங்க. உக்காருங்க. எல்லாரும் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்."

"ஆபிதீனுக்கு எந்த வழி?"

"இதுதாம்மா."

"இது ஆபிதீன் இல்ல. எனக்குத் தெரியும், உங்களைவிட நல்லாத் தெரியும். வழியை விடுங்க."

"எவ்வளவு தூரம் நடந்துட்டீங்க, கால் வலிக்காதா?" நாற்காலியை இழுத்தார். "இங்க உக்காந்துட்டா, எப்போ ஊருக்குத் திரும்புறீங்கன்னு உங்களை இனிமே ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. "உங்க நாற்காலி எனக்கு வேண்டாம்யா. யார் கேட்டா உங்களை? ரெண்டு வருஷமா உக்காரச் சொல்லாதவங்க இப்போ என்ன உபசாரம்? எனக்கு வீடு இருக்கு. பொண்ணு இருக்கா." கையை வீசி, எதிரில் இருந்த தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டு விழுந்தது. சோறு சிதறவில்லை. கல்லாக இருந்தது.

பக்கத்திலிருந்த ஃபிலிப்பினோப் பெண் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள். அந்தக் கண்ணில் தண்ணீர் இருந்தது. உடம்பு அசையவில்லை.

"ஆமாம்மா, பொண்ணு" என்றார் அவர், அதே நல்ல முகத்தோடு. "அதுக்கும் சேத்துத்தான் இடம் போட்டிருக்கோம்."

போன் அடித்தது.

"தசாபீஹ், எங்கடி இருக்க?"

"உம்மா, கோவிச்சுக்காதீங்க." மூச்சிரைத்தது பிள்ளைக்கு. "பாங்கே சொல்லல, பயமா இருந்துச்சு. அதான் கீழ வந்துட்டேன். ஒரு மாமாகிட்ட வழி கேட்டேன். எல்லாரும் ரொம்ப நல்லவங்க உம்மா, கேக்காமயே சொல்றாங்க."

"அங்கேயே நில்லு. ஒரு அடி எடுத்து வைக்காதே. யாரையும் கேக்காதே."

"எதுக்கு? நீங்கதான் இதோ தெரியுறீங்களே."

"என்ன?"

"உங்க முதுகு தெரியுது. உக்காந்திருக்கீங்க. உம்மா, திரும்புங்க."

இஷ்ராகா நின்றுகொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். மேசையின் அந்தக் கோடியில், வெகுதூரத்தில், காதில் போனோடு ஒரு சின்ன உருவம். அதன் முன்னால் நாற்காலியில் ஒருத்தி. மஞ்சள் தோப் சுற்றியவள். இஷ்ராகா குனிந்து தன் மேல் கிடந்த மஞ்சளைப் பார்த்தாள். அதே கரை. தோளில் அதே தையல்.

ஓடினாள். முதுகுகள், நாற்காலிகள், தட்டுகள். முதுகுகள். ஓட ஓட மேசை நீண்டது. செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஓடினாள். உட்காராதே. உட்காராதேடி. குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

அந்தக் கோடியில் தசாபீஹ் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மஞ்சள் தோப்பிலிருந்து ஒரு கை வந்து அவள் தலையைத் தடவியது.

குரல் வந்தது. மகளின் பெயரைச் சந்து அதிரக் கத்தினாள்.

மேசை நெடுக அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அத்தனை உதடுகளும் சொல்ல முடியாத எதையோ சொல்ல அசைந்தன.

அந்த ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துத் தூசியை ஊதினாள். கொட்டையை நீக்கினாள். பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனாள்.

தசாபீஹ் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.