தெருமட்ட வீடு

1996 ஆவணியில் தச்சநல்லூரில் ஒரு புது அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள வீட்டுக்குக் குடிபோனோம். நான், மனைவி கோமதி, நாலு வயது மகள் மீனு. வண்டி நிறுத்துவதற்காகத் தூண்களோடு விட்டிருந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்து, வீடாக்கி விற்றுவிட்டார் கட்டியவர். "படி ஏற வேண்டாம் சார், தெருவுல இருந்து ஒரே எட்டு" என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கூடத்து ஜன்னலைத் திறந்தால் தெரு. போகிறவர்களின் தோள் கம்பியில் உரசும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. உள்ளறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் பலர் நடந்து வரும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள். ஜன்னலைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தேன்.

சத்தம் கூடத்துக்குள் வந்தது.

பாரமான எதையோ தரையில் இறக்கினார்கள். வாடிய சாமந்தி வாசம். ஊதுபத்திப் புகை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. கூடத்தில் கிடந்த தேக்குக் கட்டில் மட்டும் தலைமாடும் கால்மாடும் மாறி நின்றது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே நாலு பேர் வேண்டியிருந்தது.

"ஏங்க, கட்டில நீங்களா திருப்பிப் போட்டீய?" என்றாள் கோமதி.

காவலாளி சுடலைமாடனிடம் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"சார், முன்ன இது வெறும் பாதை. ஆத்தங்கரைச் சுடுகாட்டுக்குப் போற பாடைய இங்கனதான் இறக்கி, தலைய காலாத் திருப்புவாவ. செத்தவுக வீட்டுக்கு வார வழிய மறந்துரணும்லா, அதுக்கு. இப்பம் சுவரு வந்துட்டு. எல்லாரும் மெயின் ரோட்டு வழியா விறுவிறுன்னு தூக்கிட்டுப் போயிருதாவ. ஒருத்தரும் திருப்பல."

"அதனால?"

"விட்டுப்போனத முடிக்கச் செத்தவுக இங்கனதான வருவாவ? புள்ளைய மட்டும் அந்தக் கட்டில்ல படுக்க வைக்காதீய."

"முன்னாலயே சொல்ல வேண்டியதுதான வே? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்று கத்தினேன். அன்றிலிருந்து மீனுவை உள்ளறையில்தான் தூங்க வைத்தோம்.

அடுத்த வாரம் கோமதி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். விளையாடிக்கொண்டிருந்த மீனு, கட்டிலில் ஏறித் தூங்கிப்போயிருந்தாள்.

அதே வாசம்.

"மீனு!"

கட்டில் தரையை விட்டு எழும்பியது. பைய, பதமாக, குழந்தையோடு அரை வட்டம் சுற்றியது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

மீனு கண் விழித்தாள். அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் போணும்" என்றாள்.

அந்த வாரமே அம்பாசமுத்திரத்துக்கு வந்துவிட்டோம். மூன்று மாதமாகிறது. பள்ளி விட்டதும் மீனு எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஆற்றுப் பக்கம் நடக்கிறாள். தினமும் ஓடிப்போய்த் தூக்கி வருகிறேன். ஒரு நாள் பிந்திவிட்டால் என்ன ஆகுமோ.

நேற்று கோமதி அவளை மறித்து, "எந்தாயி, அம்மாவப் பாரு" என்று கட்டிக்கொண்டு அழுதாள். மீனு அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீய அத்தை. விடுங்க. அங்கன எல்லாரும் எனக்காவ நிக்காவ."