பக்கத்து சீட்டு பெல்ட்

இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. காலையிலிருந்து இறக்கிய பெட்டிகளெல்லாம் இன்னும் முதுகின் மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுநர் பார்சல் வேனைக் கிளப்பினான். உடனே அது கத்த ஆரம்பித்தது. டிங். டிங். டிங். பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையென்று திரையில் சிவப்பு விளக்கு.

பக்கத்து சீட்டில் யாருமில்லை.

மதியம்தான் மெக்கானிக் சீட்டையே கழற்றிப் பார்த்திருந்தான்.

"சென்சார் கல்லு மாதிரி இருக்குண்ணே. ஆள் எடை ஏறினாத்தான் கத்தும். அண்ணிக்குத் தெரியாம யாரையாவது ஏத்திக்கிட்டுச் சுத்துறீங்களா?"

"போடா, வாய்க்கொழுப்பு."

சிரிக்கத்தான் பார்த்தான். வரவில்லை.

வாசலுக்கு வாசல் இறங்கி ஏறும் பிழைப்பில் பெல்ட்டை மாட்டிக் கழற்ற எவனுக்கு நேரம்? பெல்ட் இல்லாத வெறும் கொக்கி ஒன்றைச் செருகி வண்டியை ஏமாற்றுவது எல்லா ஓட்டுநரும் செய்வதுதான். தன் பக்கம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இன்னொன்றை எடுத்துப் பக்கத்து சீட்டில் செருகினான். சத்தம் அடங்கியது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. புதிதாகத் தார் போட்ட அந்தச் சாலைக்குள் வேன் திரும்பியது.

பத்து நாளைக்கு முன் இங்கேதான், ஸ்டாண்டில் மாட்டியிருந்த போன் திரையில் அடுத்த ஆர்டர் மின்னியது. முந்தித் தொடுகிறவனுக்குத்தான் அது கிடைக்கும். தொட்டான். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் 'டம்' என்றது. தார் டின்னாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் பின்கண்ணாடியில், சாலை போடுகிற பெண்ணொருத்தி கிடந்தாள். நிறுத்து என்பதுபோல் அவள் ஒரு கையைத் தூக்கினாள். பார்த்தான். பார்த்த பிறகுதான் இன்னும் அழுத்தி மிதித்தான்.

மறுநாள் பெட்ரோல் பங்கில் பேசிக்கொண்டார்கள்: "அரை மணி நேரம் உசிரு இருந்திருக்குப்பா. இடிச்சவன் தூக்கி வண்டியில போட்டிருந்தா பொழச்சிருப்பா."

வண்டியில் என்றால் இந்த சீட்டில்தான்.

ஜன்னல்கள் மூடியிருந்தும் சூடான தார் வாடை உள்ளே வந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தாரின் வாடை, தொண்டையைக் கரகரக்க வைக்கும் வாடை, அதோடு கூட வேர்வை, அதற்கும் அடியில் ரத்தம்.

டக்.

செருகிய கொக்கி தெறித்துக் கீழே விழுந்தது.

டிங். டிங்.

அவன் திரும்பவில்லை. பெல்ட் மெல்ல, சர்ரென்று, உருவப்படும் சத்தம். இழுத்து. நிறுத்தி. மறுபடி இழுத்து.

கிளிக்.

சிவப்பு விளக்கு அணைந்தது. சீட்டின் ரெக்சின் முனகி அமுங்கியது.

போன் திரையில் புது ஆர்டர் மின்னியது. பழகிய விரல் தானாக நீண்டது. விரலுக்கும் திரைக்கும் நடுவே ஒரு கை எழுந்தது. முழங்கை வரை தார். நிறுத்து என்று அன்றைக்குத் தூக்கிய அதே கை.

கால் பிரேக்கைத் தேடியது. கிடைக்கவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அந்த ஒரு நடை, இன்னும் பாக்கி.